மாமனார் காட்டிய காளான் காடு

அத்தியாயம் 17

வியாழக்கிழமை நூலகத்தில் நடந்த கூத்தை எங்கள் போட்லெஸி கிராமம் இன்னும் பேசி முடிக்கவில்லை. அந்த வாரப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க மறந்தவர்களுக்காக அதை மட்டும் இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்.

வெண்டெலின் வீட்டு மருமகள் சர்னாய் மங்கோலியாக்காரி. டவுனில் கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவள், அங்கே சரக்கேற்ற வந்த லாரிக்காரன் ராடிமைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தாள். குளிர்காலத்திலிருந்து நூலகத்தில் செக் மொழி வகுப்புக்குப் போகிறாள். வகுப்பு முடிகிற நாளில் ஊராரை உட்கார வைத்து, படித்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தனக்கு எது பிடிக்கும், எதில் சந்தோஷம் என்று பேச வேண்டும்.

டீச்சர் ராட்கா தலைநகர் பிராகாவிலிருந்து வந்தவள். ஊரின் குணம் தெரியாது. "'பிடிக்கும்'னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துடாதீங்க. எங்க, யாரோட, எப்படின்னு விவரமாச் சொல்லுங்க. அப்பதான் கேக்கறவங்களுக்கும் அந்தச் சந்தோஷம் ஒட்டிக்கும்" என்று சொல்லிக் கொடுத்திருந்தாள்.

சர்னாய் சொன்னாள். எங்கே, யாரோடு, எப்படி, ஒன்று விடாமல் சொன்னாள். ரயில் பாலத்தைத் தாண்டி, இடிந்த செங்கல் சூளைக்குப் பின்னால், ஓடை வளைகிற இடத்தில், வெள்ளைப் பட்டை மரங்களுக்கு நடுவே மாமனாரோடு காளான் பறிக்கப் போவதுதான் இந்த நாட்டில் தனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் என்று பிசிறில்லாத செக் மொழியில் சொல்லி முடித்தாள்.

கூட்டத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். எல்லாருக்கும் மனசு நெகிழ்ந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். நெகிழ்ச்சியும் இல்லை, மண்ணும் இல்லை. நாங்கள் எல்லாரும் வழியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம்.

எங்கள் ஊரில் ஒருவன் தன் சம்பளத்தைச் சொல்வான். பெண்டாட்டியோடு போட்ட சண்டையைச் சொல்வான். ஆஸ்பத்திரியில் எங்கே கத்தி வைத்தார்கள் என்று சட்டையைத் தூக்கியே காட்டுவான். காளான் முளைக்கிற இடத்தை மட்டும் சொல்ல மாட்டான். சாகிற காலத்தில் சொல்வான், அதுவும் ஒரே ஒருவருக்கு.

வெண்டெலின் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். மனைவி யார்மிலா போன பிறகு தோட்டத்துக் கோழிகளோடு பேசுகிற அளவுக்குக்கூட மனிதர்களோடு பேசாதவர். கைதட்டல் தொடங்கும் முன்பே எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்று சாயங்காலம் சர்னாய் அவர் அறை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டாள். "போய்ப் படு" என்றார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

இது சாதாரணக் கோபம் என்று நினைத்துவிட வேண்டாம். ராடிம் மாதத்தில் பாதி நாள் ஜெர்மனி, ஆஸ்திரியா என்று சாலையில் இருக்கிறவன். சர்னாய்க்கு என்று இந்த ஊரில் இருந்தது அந்த ஒரு காடும் அந்த ஒரு மனிதரும்தான். ஒரே பேச்சில் இரண்டையும் கோட்டை விட்டுவிட்டோமோ என்று பயந்தாள்.

இனி சனிக்கிழமை.

அன்று புனித வாத்ஸ்லாவ் நாள், தேசத்துக்கே விடுமுறை. முந்தின இரண்டு நாளும் மழை பெய்து, வெயிலும் எட்டிப் பார்த்திருந்தது. காளானுக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது என்பது எங்கள் ஊர் நாய்க்குக்கூடத் தெரியும்.

வழக்கமாக வெண்டெலின் கதவருகே இரண்டு கூடைகளை எடுத்து வைப்பார். அதுதான் அழைப்பு. "வர்றியா?" என்றுகூடக் கேட்க மாட்டார். சர்னாய் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது வாசலில் ஒரு கூடைதான் இருந்தது. அவர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, டீ போட்டுத் தரட்டுமா?"

அவர் எழுந்தார். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, திரும்பி வந்தார். கூடையில் ஒரு இலைகூட இல்லை. பூட்ஸைக் கழற்றி, வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, பின்பக்கமாகக் கோழிகளிடம் போய்விட்டார்.

என்ன நடந்தது என்று சொல்ல பக்கத்து வீட்டு ஹெர்மினா வந்தாள். கையில் மூடிய வாணலி, முகம் முழுக்கச் சிரிப்பு.

"சர்னாய்! கண்ணு! தட்டு எடு. முட்டையோட வதக்கினது, சூடு ஆறக்கூடாது. இது உன் பங்கு."

"என் பங்கா?"

"பின்ன? வழி சொன்னது யாரு? எங்க வீட்டுக்காரர் ரெண்டு கூடை கொண்டாந்திருக்கார். ஒவ்வொரு தலையும் இவ்ளோ பெருசு! எத்தனை வருஷமா உங்க மாமனார் பின்னாடி ஊரே ஒளிஞ்சு ஒளிஞ்சு போயிருக்கு தெரியுமா? ஒரு தடவை தபால்காரர் வேலை மெனக்கெட்டு சைக்கிள்ல பின்னாலேயே போனார். இந்த மனுஷன் என்ன பண்ணார்? வேணும்னே பக்கத்து ஊர் வரைக்கும் நடந்து, அங்க ஒரு பீர் குடிச்சுட்டு, பஸ் புடிச்சுத் திரும்பி வந்துட்டார்!"

ஹெர்மினா விழுந்து விழுந்து சிரித்தாள். சர்னாய் சிரிக்கவில்லை.

"நிறையப் பேர் வந்தாங்களா, அக்கா?"

"நிறையவா? திருவிழா! சூளைக்கிட்ட கார் நிறுத்த இடமில்ல. டவுன்லேருந்துகூட வந்திருந்தாங்க. உங்க டீச்சரம்மா நீ பேசினதை வீடியோ எடுத்து நூலகத்தோட நெட் பக்கத்துல போட்டிருக்காளே, பாக்கலையா? 'எவ்வளவு அழகாப் பேசுது இந்தப் பொண்ணு'ன்னு எல்லாரும் எழுதியிருக்காங்க. சும்மா சொல்லக்கூடாது, அழகாத்தான் பேசின."

"மாமா வந்தாரா?"

ஹெர்மினாவின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. வாணலியைத் துணியால் துடைத்தாள். "வந்தார். ஓடை வரைக்கும் வந்தார். நாங்க கையைத் தூக்கி வணக்கம் சொன்னோம். தலையை ஆட்டினார். அப்படியே திரும்பிட்டார். கீழ குனியக்கூட இல்ல." பிறகு தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்வதுபோல, "காடு என்ன அவர் பாட்டன் சொத்தா? எல்லாருக்கும் பொதுதான்" என்றாள்.

அது சரிதான். காடு பொது. அவள் போன பிறகு அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே சர்னாய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மணம் தூக்கலாக இருந்தது. ஒரு வாய்கூட இறங்கவில்லை.

செக் மொழியில் கண்ணுக்குப் பிடித்தால் ஒரு சொல், நாக்குக்குப் பிடித்தால் வேறு சொல், ஆளைப் பிடித்தால் இன்னொன்று, உள்ளே சந்தோஷமாக இருந்தால் அதற்குத் தனியாக ஒன்று. பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இவற்றையெல்லாம் அவள் நெட்டுருப் போட்டிருந்தாள். கடைக்காரியிடம் போய், "உங்களைச் சந்தித்ததில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி" என்று சொல்லிப் பார்த்தாள். கடைக்காரி முதலில் கல்லாவைத்தான் திரும்பிப் பார்த்தாள். நன்றாயிருக்கிறது என்று எவனாவது வாய்விட்டுச் சொன்னால், இவனுக்கு நம்மிடம் என்ன காரியம் ஆக வேண்டும் என்று யோசிக்கிற ஊர் எங்கள் ஊர். இதை எந்த டீச்சரும் பாடத்தில் சேர்ப்பதில்லை.

பதினோரு மணி வாக்கில் ராடிமின் அக்கா யிட்கா வந்தாள். டவுனில் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். வாய் ஓய்ந்தால் அவள் கத்தரியும் ஓய்ந்துவிடும். புருஷனையும் பிள்ளைகளையும் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விடுமுறைச் சாப்பாட்டுக்குத் தனியாக வந்திருந்தாள். அவள் தனியாக வந்தாலே ஏதோ முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

"உன் வீடியோவ நானும் பார்த்தேன்" என்றாள், கோட்டைக் கழற்றியபடி.

"அண்ணி, நான்..."

"உச்சரிப்பு பிரமாதம். என் கடைக்கு வர்ற பொம்பளைங்க எல்லாம் சொன்னாங்க. ஒருத்தி தலையில சாயத்தோட பாதியில எழுந்து, சூளை எந்தப் பக்கம்னு கேட்டா."

அடுப்பில் வாத்து வெந்துகொண்டிருந்தது. சர்னாய் யாரிடமோ கேட்டு, சீரகம் தூவி, புளித்த முட்டைகோஸும் மாவு உருண்டையும் செய்திருந்தாள். எல்லாம் மாமனாருக்குப் பிடித்தவை. பிடித்தவை என்று அவர் சொன்னதில்லை. தட்டில் மிச்சம் வைக்காததை வைத்து அவளே கண்டுபிடித்தது.

மூவரும் உட்கார்ந்தார்கள். வெண்டெலின் வாத்தை அறுத்து வாயில் போட்டார்.

"வாத்து நல்லா இருக்கா, மாமா?"

வெண்டெலின் மென்றார். மற்ற நாளாக இருந்தால் "திங்கலாம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகச் சர்னாய் காலையிலிருந்து அடுப்படியில் நின்றிருந்தாள். அவர் சொல்லவில்லை.

"அவரை ஏன் கேக்கற?" என்றாள் யிட்கா. "ஊரைக் கூட்டி வச்சுச் சொல்லு. டவுன்லேருந்து வந்து சாப்பிட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லிட்டுப் போவாங்க."

"அண்ணி, சத்தியமா எனக்குத் தெரியாது. எங்க ஊர்ல நல்ல தண்ணி இருக்கிற இடம், நல்ல புல்லு இருக்கிற இடம் தெரிஞ்சா வழிப்போக்கன்கிட்ட சொல்லிடணும். சொல்லாம போனாத்தான் தப்பு. வாய்க்குள்ள வச்சுக்கிட்டா நமக்கு ஆகாதுன்னு சொல்வாங்க."

"இது உங்க ஊர் இல்ல."

"தெரியுது" என்றாள் சர்னாய். எழுந்து மாவு உருண்டை எடுத்துவரச் சமையலறைக்குப் போனாள். அழுகை வந்துவிடுமோ என்று பயந்துதான் போனாள். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

யிட்கா அப்பாவின் பக்கம் திரும்பினாள். வந்த காரியம் அதுதான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கப்பா. அந்தப் பாலத்துக்கிட்ட என்னை உக்கார வச்சுட்டுப் போவீங்களே, ஞாபகம் இருக்கா? கையில ஃபிளாஸ்க் குடுத்து, 'வர்ற ரயிலை எண்ணிட்டு இரு'ன்னு சொல்லிட்டுப் போவீங்க. எட்டு வயசு எனக்கு. நீங்களும் அம்மாவும் கூடை நிறையக் காளானோட சிரிச்சுக்கிட்டு வருவீங்க. எனக்கும் சிரிப்புக் காட்டுவீங்க. வழியைக் காட்ட மாட்டீங்க."

"பழங்கதை."

"உங்களுக்குப் பழங்கதை. அம்மா போனப்புறம் சரி, இனிமே என்கிட்டதான் சொல்வார்னு காத்துட்டு இருந்தேன். வேற யாரு இருக்கா? ராடிமுக்குக் காளானே ஆகாது. போன ஞாயித்துக்கிழமைகூட நினைச்சேன், இந்த வருஷம் சொல்லிடுவார்னு. கடைசியில ஃபோன்ல பார்த்து நான் தெரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சு. நேத்து வந்தவளுக்குக் காட்டியிருக்கீங்க! நான் என்ன கொறைஞ்சுட்டேன்?"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. நாற்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை, சாப்பாட்டு மேஜையில், எட்டு வயதுக்காக அழுதாள்.

வெண்டெலினுக்கு மகள் அழுதால் தாங்காது. தாங்காதபோது அவர் உண்மையைச் சொல்லிவிடுவார். அது அவருடைய நல்ல குணமா கெட்ட குணமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"உனக்கு எப்படிக் காட்டறது?" என்றார். "உங்கம்மா பிறந்தநாளைக்கு வாங்கி ஒளிச்சு வச்ச கம்பளிச் சால்வையவே மொத நாளே அவகிட்ட சொல்லிட்டவ நீ. உன் வாயில எது தங்கும்?"

"அப்ப இவ வாயில மட்டும் தங்குமா?"

"இவளுக்கு அப்ப வாயே இல்லையே!" வெண்டெலின் கரண்டியைக் கீழே வைத்தார். "வணக்கம்கூட ஒழுங்காச் சொல்ல வராது. யார்கிட்ட போய் என்ன சொல்லிடப் போறா? அதான் கூட்டிட்டுப் போனேன். பேச்சு வராதவளாச்சேன்னுதான் கூட்டிட்டுப் போனேன். இப்படிப் படிச்சுட்டு வந்து மேடையேறிப் பேசுவான்னு நான் என்ன கனவா கண்டேன்?"

சர்னாய் மாவு உருண்டைத் தட்டோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தாள்.

போன வருஷம் என்றால் அவளுக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. சிரித்துக்கொண்டே தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். இப்போது ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. படித்த படிப்பு முதலில் இதற்குத்தான் உதவியது.

தொடர்கதைகளில் இந்த இடத்தில் தட்டு கை நழுவி விழுந்து உடையும். சர்னாய் தட்டை மேஜைமேல் ஒழுங்காக வைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் மடித்துப் போட்டாள். மாடிக்குப் போய்விட்டாள்.

மேஜையில் யாரும் மேற்கொண்டு சாப்பிடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து யிட்கா மாடியேறி வந்தாள். சர்னாய் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். யிட்காவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் அது அவளுக்கு முதல் தடவையாக இருக்கலாம்.

"அதை நீ காதால கேட்டிருக்கக் கூடாது" என்றாள்.

"கேட்டது நல்லதுதான், அண்ணி."

"அவர் அப்படித்தான். உள்ளே ஒண்ணு இருந்தா வெளிய வேற மாதிரி வரும்."

"இல்ல. உள்ளே இருக்கிறதுதான் வெளிய வந்துச்சு." சர்னாய் தன் கைகளைப் பார்த்தபடி பேசினாள். "அவர் என்னைக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு ராத்திரி எங்கம்மாவுக்கு ஃபோன் பண்ணேன். 'இந்த வீட்டுல என்னை மகளா ஏத்துக்கிட்டாங்கம்மா, மாமா தன் மனசுலேருந்து ஒண்ணை எடுத்து எனக்குக் காட்டினார்'னு சொன்னேன். அம்மா ஊரெல்லாம் சொன்னாங்க. எனக்கு வாயில்லன்னுதான் காட்டினார்னு அவங்ககிட்ட இப்ப எப்படிச் சொல்றது?"

யிட்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையில் இந்தப் பெண்ணின்மேல் இருந்த பொறாமை எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. தனக்கு வாய் இருந்ததால் கிடைக்கவில்லை. இவளுக்கு வாய் இல்லாததால் கிடைத்தது. இரண்டு பேரையும் அந்த மனிதர் ஒரே தராசில்தான் நிறுத்திருக்கிறார்.

"உனக்கு ரஷ்யன் தெரியும்ல?" என்று திடீரென்று கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துல படிச்சேன். நல்லாப் பேசுவேன்."

"அவருக்கும் தெரியும்."

சர்னாய் நிமிர்ந்தாள்.

"அவங்க காலத்துல எல்லாருக்கும் கட்டாயப் பாடம். அந்த ரஷ்ய டாங்கிங்க வந்து நம்ம ரோட்டுல நின்ன வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பாஷையில வாயே திறக்கறதில்லன்னு வைராக்கியம். அவர் மட்டுமில்ல, பாதி ஊரு அப்படித்தான். தெரியும், தெரியாதும்பாங்க." யிட்கா எழுந்தாள். "கிளம்பு. ராடிம் வர்ற வரைக்கும் எங்க வீட்ல இரு. எனக்கும் கடையில ஆள் வேணும். இங்க இருந்து இந்த மூஞ்சியப் பார்த்துக்கிட்டு என்ன பண்ணப் போற?"

சர்னாய் கொஞ்சம் யோசித்தாள். "வர்றேன், அண்ணி. அதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

வெண்டெலின் கோழிக் கூண்டுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தீனிப் பாத்திரம் காலடியில் இருந்தது. போடவில்லை. கோழிகள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தன.

சர்னாய் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மன்னிப்புக் கேக்க வரல, மாமா. அது அன்னிக்கே கேட்டுட்டேன்."

"ம்."

"நீங்க அண்ணிகிட்ட சொன்னது எனக்குப் புரிஞ்சுது. முழுசாப் புரிஞ்சுது."

அவர் தொப்பியை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டார். "கெட்ட எண்ணத்துல சொல்லல."

"பேச்சு வராதவன்னுதான் கூட்டிட்டுப் போனீங்களா?"

"ஆமா."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் யாரையும் கொன்றிருக்காது. அவருக்கு வரவில்லை. ஆனால் கோழிகளைப் பார்த்தபடியே மேற்கொண்டு பேசினார்.

"யார்மிலா போனப்புறம் ஆளாளுக்கு வந்து பேசினாங்க. ஆறுதல் சொன்னாங்க, புத்தி சொன்னாங்க. பாதிரியார் பேசினார், ஹெர்மினா பேசினா, யிட்கா ஃபோன்ல மணிக்கணக்காப் பேசினா. காது புண்ணாப் போச்சு. நீ மட்டும்தான் ஒண்ணும் சொல்லாம கூட நடந்த. எனக்கு அது வேண்டியிருந்துச்சு. அந்த இடத்துக்கு அவளுக்கு அப்புறம் யாரையும் கூட்டிட்டுப் போறதில்லன்னுதான் இருந்தேன்."

சர்னாய் அவர் பக்கம் திரும்பினாள். காலையில் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இப்போது அந்தச் சந்தோஷத்தோடு கோபமும் சேர்ந்து வந்தது.

"நான் சும்மா இருக்கல, மாமா. சொல்ல முடியாம இருந்தேன். உங்களுக்கு அது நிம்மதி. எனக்கு இல்ல. படுக்கப் போனா, சொல்லாத பேச்செல்லாம் நெஞ்சுல கட்டிக்கிட்டு நிக்கும். அந்தக் காட்டுல மட்டும்தான் பேச வராட்டியும் பரவாயில்லன்னு இருந்துச்சு. அதனாலதான், பேச வந்ததும் முதல்ல அதைப் பேசினேன். வேற எதைப் பேசுவேன்? எனக்கு வேற என்ன இருந்துச்சு இங்க?"

வெண்டெலின் குனிந்து ஒரு பிடி தீனியைக் கூண்டுக்குள் எறிந்தார்.

"உங்களுக்கு ரஷ்யன் தெரியுமாமே."

அவர் சட்டென்று திரும்பினார். "யிட்கா சொன்னாளா? அவ வாயில எதுதான்..."

"ஒரே ஒரு தடவை, அந்தப் பாஷையில ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"என்னத்தக் கேக்கச் சொல்ற?"

"எங்க டீச்சர் முதல் நாளே கேட்டதை. கடைக்காரி கேட்டா. டிக்கெட் குடுக்கிற டிரைவர்கூட கேட்டார். இங்க உனக்குப் பிடிச்சிருக்கான்னு. ஊருல எல்லாரும் கேட்டாச்சு. நீங்க மட்டும் கேக்கல."

காற்று அடித்தது. பக்கத்து வீட்டு ஜன்னலில் ஹெர்மினா காளானை நறுக்கி நூலில் கோத்துத் தொங்க விட்டுக்கொண்டிருந்தாள். வெண்டெலின் அதைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்தார். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"இங்க உனக்குப் பிடிச்சிருக்கா?"

இந்தக் கேள்விக்கான பதில் சர்னாய்க்குத் தலைகீழ்ப் பாடம். 'ஆம், எனக்கு இங்கே மிகவும் பிடித்திருக்கிறது. மக்கள் அன்பானவர்கள். இயற்கை அழகானது.' வகுப்பில் இதைச் சொல்லி எத்தனையோ முறை சபாஷ் வாங்கியிருக்கிறாள்.

"இல்ல" என்றாள்.

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் நிறுத்தவும் முடியவில்லை.

"காடு பிடிச்சுது. உங்களையும் பிடிக்கும், இப்பவும். வீடு பிடிக்கல."

வெண்டெலின் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் போகவில்லை.

"வீட்ல என்ன பிடிக்கல?"

"சொல்லலாமா?"

"கேட்டுட்டேன்ல. சொல்லு."

"எங்க ரூம்ல அத்தையோட அலமாரி இருக்கு. நிறைய அவங்க துணி. இழுப்பறையில அவங்க கண்ணாடி, அவங்க கைக்குட்டை. என் துணி இன்னும் பெட்டியிலதான் இருக்கு, மாமா. கட்டிலுக்கு அடியில. கல்யாணமாகி வந்த அன்னிக்கு எந்தப் பெட்டியில கொண்டாந்தேனோ அதே பெட்டியில. தினம் காலையில மண்டி போட்டு இழுத்து எடுத்துப் போட்டுக்கறேன். விருந்தாளிதான் அப்படி இருப்பா."

வெண்டெலின் அவளை உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"அந்த அலமாரிய எடுத்துடவான்னு நான் அப்பவே கேட்டேனே."

"என்கிட்டயா?"

"ராடிம்கிட்ட. நீங்க வந்த புதுசுல. உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னேன். மறுநாளே வந்து சொன்னான். 'வேணாம்ப்பா, அவளுக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்காம், அப்படியே இருக்கட்டும்னு சொல்றா'ன்னான்." அவர் குரல் தழுதழுத்தது. "எனக்கு அது எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? யார்மிலா துணியைப் பத்திரமா வச்சுக்கிறாளே இந்தப் பொண்ணுன்னு. அதுக்கப்புறம்தானே உனக்கும் சேர்த்துக் கூடை எடுத்து வச்சேன்."

சர்னாய்க்கு இப்போதுதான் விளங்கியது. தனக்கு எது பிடிக்கும் என்று இந்த வீட்டில் ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குப் பதிலும் போயிருக்கிறது. அவளைத் தவிர எல்லாருக்கும் அது தெரிந்திருக்கிறது.

"என்னை யாரும் கேக்கல, மாமா" என்றாள்.

சமையலறை ஜன்னல் திறந்தது. யிட்கா தலையை நீட்டினாள்.

"சர்னாய்! ராடிம் ஃபோன்ல கூப்பிடறான். பார்டரைத் தாண்டிட்டானாம், நாளைக்கு வந்துடுவானாம். நீ நல்லா இருக்கியான்னு என்னைக் கேக்கறான். 'அவ நல்லா சந்தோஷமா இருக்கா'ன்னு சொல்லிடவா?"

"வேண்டாம், அண்ணி" என்றாள் சர்னாய். எழுந்து நின்று பாவாடையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். "நானே சொல்றேன்."